பழைய கேம் தான் சார் நல்லா இருந்துச்சு

1.
கொஞ்சம் நீளமான திரெட். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

பப்ஜி, பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர், மேக்ஸ். இதைப் பத்தியெல்லாம் ஒரு டாக்டர் எழுத என்ன இருக்குன்னு கேட்பீங்க. "போனைப் பிடுங்கி வையுங்க"ன்னு சொல்லத்தான் வரப்போறேன்னு நினைச்சிருந்தா, அந்தத் தப்பை நான் 2021-லேயே பண்ணிட்டேன். அந்தக் கதைதான் இது.

2.
நான் பெரம்பலூர்ல பொது மருத்துவம் பார்க்கிறவன். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் அரியலூர் பக்கம் ஓபி. நடுவுல முப்பது கிலோமீட்டர் சொச்சம். பெரம்பலூர்ல மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூர்ல சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் லாரி, ஜெயங்கொண்டம் பக்கம் போனா முந்திரி. ரெண்டு மாவட்டத்துலயும் வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டுல இருக்கிற தெருக்கள் நிறைய. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்குங்க.

கீழே வர்றவங்களோட அடையாளத்தை மாத்திட்டேன். எழுதலாமான்னு கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

3.
முதல்ல கேமுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தாத்தா. பிபிக்கு ஆம்லோடிபின் சாப்பிடுறவர். ஒரு நாள் வந்து, "பழைய மாத்திரை தான் ஐயா கேட்டுச்சு. புது மாத்திரை காலை வீங்க வைக்குது"ன்னார்.

சீட்டைப் பார்த்தேன். கடையில கம்பெனியை மாத்திக் கொடுத்திருக்காங்க. உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான், மில்லிகிராமும் அதே தான். முன்னாடி வெள்ளை, இப்ப ரோஸ். "தாத்தா, ரெண்டும் ஒண்ணுதான், பயப்படாம சாப்பிடுங்க"ன்னு அனுப்பியிருப்பேன். பையைத் திறந்து காட்டச் சொன்னதால தப்பிச்சேன். வெள்ளையும் மிச்சம் இருந்தது. நிறம் வேறங்கிறதால வேற மாத்திரைன்னு நினைச்சு ரெண்டையும் போட்டுக்கிட்டு இருந்திருக்கார். இரட்டை டோஸ். கால் வீங்காம என்ன செய்யும்?

4.
"பழசு நல்லா இருந்துச்சு, புதுசு சரியில்ல" - ஓபியில நான் அதிகமா கேட்கிற வாக்கியங்கள்ல இதுவும் ஒண்ணு. அது தலைவலி மாதிரி ஒரு அறிகுறி. நோய் எதுன்னு அது சொல்லாது. இன்னும் ஒரு கேள்வி கேட்டாதான் தெரியும்.

தாத்தாகிட்ட அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். அடுத்து வந்த பையன்கிட்ட கேட்கல.

5.
2021 செப்டம்பர் கடைசி. ஒன்பதாவதுலருந்து பன்னிரண்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. பதினொண்ணாவது படிக்கிற பையன். கொரோனாவுல பரீட்சை எழுதாமயே பத்தாவது பாஸான பேட்ச். அம்மாதான் கூட்டிக்கிட்டு வந்தாங்க.

"ஐயா, தலைவலி தலைவலிங்கிறான். ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் அந்தப் போனு. முன்னாடியும் விளையாடுவான், ஒரு மணி நேரத்துல வெச்சிருவான். இப்ப இந்தப் புது கேமு வந்ததுலருந்து விடியற வரைக்கும் உக்காந்திருக்கான்."

நான் பையனைப் பார்த்து, "என்னடா, புது கேம் அவ்ளோ நல்லா இருக்கா?"ன்னேன்.

"மொக்க சார். பழைய கேம் தான் நல்லா இருந்துச்சு."

6.
இந்த இடத்துல எனக்கு மண்டையில ஒரு மணி அடிச்சிருக்கணும். மொக்கைன்னு சொல்ற கேமை எவன் விடிய விடிய விளையாடுவான்?

அடிக்கல. வெளிய நாப்பது பேர் உக்காந்திருந்தாங்க. பிபி பார்த்தேன், கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன், பாராசிட்டமால் எழுதினேன். அம்மாகிட்ட, "போனை வாங்கி பீரோவுல பூட்டி வையுங்க. ஒரு மாசம் கையில கொடுக்காதீங்க"ன்னேன். பையன் ஒண்ணும் பேசல. மூணு நிமிஷத்துல அடுத்த டோக்கன்.

7.
விளையாடாதவங்களுக்காகக் கொஞ்சம் பின்கதை.

பப்ஜி மொபைல்ல நூறு பேர் ஒரு தீவுல குதிப்பாங்க, கடைசி வரைக்கும் நிக்கிறவன் ஜெயிப்பான். நாலு பேர் சேர்ந்து ஒரு அணியா, 'ஸ்குவாட்'டா விளையாடலாம். மைக் போட்டுப் பேசிக்கலாம். கல்வான் மோதலுக்கு அப்புறம், 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செஞ்சதுல இதுவும் போச்சு. அக்டோபர் 30-ல இந்தியாவுக்கான சர்வரும் நின்னுபோச்சு.

8.
2021 ஜூலை 2-ல அதே கேம் இந்தியாவுக்குன்னு தனியா, வேற பேர்ல வந்தது. பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா, சுருக்கமா பிஜிஎம்ஐ. வெளியிட்டது கிராஃப்டன்ங்கிற தென்கொரியக் கம்பெனி.

நம்ம பசங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அலசின அலசல் இருக்கே, எம்டி பரீட்சைக்குக்கூட நாங்க அப்படிப் படிச்சதில்ல. டீக்கடை பெஞ்ச், கிரவுண்டு ஓரம், ஷேர் ஆட்டோன்னு எங்க போனாலும் அதே பேச்சுதான்.

9.
அவங்க சொன்ன மாற்றங்கள்:

குண்டு பட்டா ரத்தம் சிவப்பா வராது, பச்சையா தெறிக்கும்.

'கில்'னு காட்டாது, 'ஃபினிஷ்'னு காட்டும்.

விளையாட ஆரம்பிச்சா, இது நிஜ உலகம் இல்ல, கற்பனை உலகம்னு ஒரு குரல் சொல்லும். ("நாங்க என்ன சார், நிஜமாவே பாராசூட்ல குதிக்கிறோம்னா நினைச்சுக்கிட்டு இருக்கோம்?")

பதினெட்டு வயசுக்குக் கீழன்னா பெற்றோர் சம்மதம் வேணும், ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான். (பதினெட்டுன்னு தட்டிவிட்டா முடிஞ்சுது.)

சின்னப் பசங்க ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல கேமுக்குள்ள செலவு பண்ண முடியாது.

10.
கடைசியில சொன்னதைப் படிச்சிட்டு நான் ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். அந்த வருஷம் தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 273 ரூபாய். ஒரு பதினாறு வயசுப் பையன் துப்பாக்கிக்குச் சட்டை வாங்க ஒரு நாளைக்கு விதிச்ச 'கட்டுப்பாடு', அவங்கம்மா மம்மட்டி பிடிச்சு சம்பாதிக்கிற இருபத்தஞ்சு நாள் காசு.

அந்த எல்லை யாரை மனசுல வெச்சு போட்டதுன்னு தெரியல. எங்க ஊர்ப் பையனை வெச்சு போட்டது இல்ல.

11.
சரி, நம்ம பையன்கிட்ட வருவோம். பதினெட்டு நாள்ல அம்மா திரும்ப வந்தாங்க. இந்தத் தடவை அழுதுக்கிட்டே.

போனைப் பூட்டி வெச்சாச்சு. ரெண்டு நாள் கத்தினான். அப்புறம் கத்தறதை நிறுத்திட்டான், அதுதான் பயமா இருக்குன்னாங்க. பள்ளிக்கூடம் போறதில்ல. ஒரு வேளைதான் சாப்பாடு. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிறான். "எதுக்கும்மா இதெல்லாம்"னு ஒரு நாள் கேட்டிருக்கான். அம்மாவுக்குத் தூக்கமே போச்சு.

12.
அம்மாவை வெளிய உக்காரச் சொல்லிட்டு, பையன்கிட்ட நேரடியாவே கேட்டேன். "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதாடா?" இப்படிக் கேட்டா அந்த நினைப்பு இல்லாதவனுக்கும் வந்துரும்னு நிறைய பேர் பயப்படுறாங்க. வராது. கேட்கிறதுதான் பாதுகாப்பு.

"அப்படியெல்லாம் இல்ல சார். ஆனா எதுவுமே பிடிக்கல"ன்னான். அவன் சொன்னதை அப்படியே நம்பிட்டு விடல. அன்னிக்கே மனநல மருத்துவர்கிட்ட பேசி அடுத்த நாளைக்கு நேரம் வாங்கினேன். அப்புறம் ஸ்டெத்தைக் கழட்டி மேசையில வெச்சிட்டு, முதல் தடவை கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"புதுசு மொக்கைன்னியே. பழசுல என்ன நல்லா இருந்துச்சு?"

13.
கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "புதுசுல நாக் ஆனா யாரும் ரிவைவ் பண்ண மாட்டேங்கிறாங்க சார்"ன்னான்.

நாக் ஆகுறதுன்னா, குண்டு பட்டு கீழ விழுந்துருவான், ஆனா இன்னும் சாகல. கூட்டாளி வந்து பக்கத்துல சில விநாடி உக்காந்து தூக்கிவிட்டா எழுந்துருவான். அதுதான் ரிவைவ். வரலைன்னா தவழ்ந்து தவழ்ந்து அங்கேயே முடிஞ்சிருவான்.

14.
இதுக்குள்ள எனக்கும் அந்த மாற்றப் பட்டியல் மனப்பாடம். பச்சை ரத்தம் உண்டு, ஃபினிஷ் உண்டு, எச்சரிக்கைக் குரல் உண்டு. ரிவைவ் அதுல கிடையாது. ரிவைவ் பழசுலயும் உண்டு, புதுசுலயும் உண்டு, ஒரே மாதிரிதான்.

அப்போ மாறினது கேம் இல்ல.

"பழசுல யாருடா உன்னை ரிவைவ் பண்ணுவா?"

"அண்ணன் சார்."

15.
அண்ணன் 2019 கடைசியில துபாய் போனவன். ஏசி மெக்கானிக். அப்பா இல்லாத வீடு. தம்பியைத் தூக்கி வளர்த்தவன். போன நாலே மாசத்துல கொரோனா. ரெண்டு வருஷமா ஊருக்கு வர முடியல.

கல்ஃப்ல சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்கு அடுத்தது தெரியும். அமீரகத்துல வாட்ஸப்ல மெசேஜ் போகும், கால் போகாது. அப்போ அனுமதிச்ச ஆப்ல பேசணும்னா மாசக் கட்டணம் இருந்தது. இவன் சம்பளத்துல பாதிக்கு மேல அக்கா கல்யாணக் கடனுக்குப் போகுது. வெள்ளிக்கிழமை லீவுல காசு போட்டு அம்மாவுக்கு ஒரு கால் பண்ணுவான். பத்து நிமிஷம். அதுல கடன், நகை, மாடு எல்லாம் பேசி முடிச்சு தம்பி கைக்குப் போன் வர்றப்ப, "நல்லாப் படிக்கிறியாடா? சரி, வெச்சிர்றேன்."

16.
ஆனா தினமும் ராத்திரி அங்க ஒன்பது, இங்க பத்தரை. அண்ணன் குளிச்சு சாப்பிட்டு கேம்ப் கட்டில்ல சாஞ்சுக்குவான். தம்பி இங்க மொட்டை மாடியில. ரெண்டு பேரும் பப்ஜிக்குள்ள வருவாங்க. மைக் ஆன்.

"இடது பக்கம் மரத்துக்குப் பின்னாடி ஒருத்தன்டா... அம்மா மாத்திரை போட்டாங்களா... டேய், அந்த வீட்டுக்குள்ள போகாத, நான் வந்துர்றேன்... கணக்குல எவ்ளோ... நாக் ஆயிட்டியா, அசையாத, வர்றேன் வர்றேன்."

ஒரு மணி நேரம். அப்புறம் தூக்கம். அம்மா சொன்னாங்களே, முன்னாடி ஒரு மணி நேரத்துல வெச்சிருவான்னு. அந்த ஒரு மணி நேரம் இதுதான். அம்மாவுக்கே தெரியாது. அவங்களைப் பொறுத்தவரைக்கும் பையன் மாடியில துப்பாக்கி சுட்டுக்கிட்டு இருக்கான்.

17.
கேமைத் தடை பண்ணினப்ப அந்தப் பேச்சு நின்னுது. பிஜிஎம்ஐ வருதுன்னு சொன்னதும் இவன் நாள் எண்ணிக்கிட்டு இருந்து, முதல் நாளே இறக்கியிருக்கான். பழைய அக்கவுண்டு, வாங்கின சட்டை, லெவல் எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திக்கிற வசதி கொடுத்திருந்தாங்க. எல்லாம் வந்துருச்சு. அண்ணன் வரல. அது இந்தியாவுக்கு மட்டும். அண்ணன் விளையாடுறது உலகத்துக்கான பழைய பப்ஜி. ஒருத்தன் தீவுல இன்னொருத்தன் குதிக்க முடியாது.

அதனால ராத்திரி முகம் தெரியாத மூணு பேரோட போறான். விழுந்தா விட்டுட்டு ஓடுறாங்க. இன்னொரு மேட்ச். திரும்ப விழுறான். இன்னொரு மேட்ச். ரெண்டு மணி, மூணு மணி.

அவனோட ஒரு நட்சத்திர விமர்சனம் அதுதான். "யாரும் ரிவைவ் பண்ண மாட்டேங்கிறாங்க." ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல.

18.
நான் என்ன பண்ணினேன்? அந்தப் போனையும் பூட்டச் சொன்னேன். அண்ணன் அனுப்புற வாட்ஸப் மெசேஜ் வர்றதும் அதுலதான்.

ஒரு டாக்டரா இதை எழுத எனக்குக் கூச்சமா இருக்கு. ஆனாலும் எழுதணும். மூணு நிமிஷத்துல நான் கொடுத்த 'சிகிச்சை', அந்தப் பையனுக்கு மிச்சம் இருந்த கயிறையும் அறுத்துருச்சு.

19.
அப்புறம் நடந்தது சினிமா மாதிரி இல்ல. மனநல மருத்துவர் பார்த்தாங்க, நாலஞ்சு தடவை உக்கார வெச்சுப் பேசினாங்க. மாத்திரை தேவைப்படல. கண்ணுல லேசா மைனஸ் பவர் இருந்தது, கண்ணாடி போட்டதும் தலைவலி பாதி குறைஞ்சுது. (ஆமா, கதைக்கு நடுவுல உடம்பையும் பார்க்கணும்.) போன் திரும்பக் கைக்கு வந்தது. பதினொரு மணிக்கு மேல அது அம்மா தலைமாட்டுல.

அண்ணனுக்கு அம்மா விஷயத்தைச் சொன்னாங்க. அவன் ஒரு செஸ் ஆப் இறக்கச் சொன்னான். அங்கருந்து ஒரு காய், இங்கருந்து ஒரு காய். நடுவுல வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ்.

"எப்படிடா இருக்கு செஸ்?"ன்னு கேட்டேன்.

"செம மொக்க சார்"னு சிரிச்சான். சிரிச்சான்!

20.
இனி அரியலூர். இந்தப் பாடம் கத்துக்கிட்டதால இங்க கொஞ்சம் தேறினேன்.

2022 மார்ச், ஒரு ஞாயிறு. செந்துறைப் பக்கத்துலருந்து எட்டாவது படிக்கிற பையன், வலது கை வீங்கி வந்தான். எக்ஸ்ரேல சுண்டுவிரலுக்குக் கீழ இருக்கிற எலும்பு முறிவு. ஓங்கிக் குத்தினா வர்ற முறிவு, குத்துச்சண்டைக்காரங்க பேர்லயே அதுக்குப் பேர். "கீழ விழுந்துட்டான்"னார் அப்பா. விழுந்தா அந்த எலும்பு பொதுவா அப்படி உடையாது. மாவுக்கட்டுப் போடுறப்ப தனியா கேட்டேன். சுவத்துல குத்தியிருக்கான்.

"எதுக்குடா?"

"மேக்ஸ் ஹேங் ஆச்சு சார்."

21.
எங்க ஊர்ல பப்ஜியைவிட ஃப்ரீ ஃபயர் தான் ராஜா. காரணம் எளிது. ஐம்பது பேர், பத்து நிமிஷத்துல மேட்ச் முடிஞ்சுரும், விலை கம்மியான போன்லயும் ஓடும். 2021 செப்டம்பர்ல அதோட அடுத்த வடிவம் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் வந்தது. படம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா போனுக்கு வேலை ஜாஸ்தி. அஞ்சு மாசம் ரெண்டும் இருந்தது. வசதியான போன் வெச்சிருந்தவன் மேக்ஸ், மத்தவன் பழசு. ரெண்டு பேரும் ஒரே மேட்ச்ல சேர்ந்தும் ஆடலாம்.

2022 பிப்ரவரி 14-ல அரசு தடை செஞ்ச 54 ஆப்கள்ல பழைய ஃப்ரீ ஃபயர் இருந்தது. மேக்ஸ் பிளே ஸ்டோர்ல தங்கிருச்சு.

22.
இந்தத் தடவை நான் கேட்டேன். "பழசுல என்ன நல்லா இருந்துச்சு?"

"அதுல நான் தான் சார் டாப்பு. எங்க தெருவுல என்னை அடிக்க ஆள் கிடையாது. இப்ப எங்கிட்ட இருக்கிறது எங்க மாமா கொடுத்த பழைய போன். சூடாவுது, நிக்குது, நான் திரும்பறதுக்குள்ள சுட்டுர்றாங்க. நாலு நாளா ஸ்குவாட்ல சேர்த்துக்க மாட்டேங்கிறானுங்க."

லாரி கிளீனர் மகன். பள்ளிக்கூடத்துல நடுத்தரம். கிரிக்கெட்ல ஃபீல்டிங் மட்டும். உலகத்துல அவன் முதலாவதா நின்ன ஒரே இடம் அந்தப் பழைய கேம். அங்க ஐயாயிரம் ரூபாய் போனும் இருபதாயிரம் ரூபாய் போனும் கிட்டத்தட்ட ஒண்ணு. புதுசு வந்ததும் போன் விலை உள்ள புகுந்துருச்சு.

23.
இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல. புதுப் போன் வாங்கிக் கொடுங்கன்னு அவங்கப்பாகிட்ட சொல்ல முடியுமா? ஆனா, "உங்க பையன் கெட்டுப்போகல, அவமானத்துல குத்தியிருக்கான்"னு சொல்ல முடிஞ்சுது. அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "எங்க ஓனர் திட்டினா நான் வண்டி டயரை உதைப்பேன் சார்"னார். கட்டோட கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு பையனைக் கூட்டிக்கிட்டுப் போனார்.

24.
உலகம் பூராவும் இதே புலம்பல் இருக்கு. 2022 அக்டோபர்ல ஓவர்வாட்ச் 2 வந்தப்ப முதல் பாகத்தோட சர்வரையே மூடிட்டாங்க. ஆறு பேர் அணி அஞ்சு பேராச்சு. அடுத்த வருஷம் ஸ்டீம் தளத்துக்கு வந்தப்ப, அங்கேயே மிக மோசமான விமர்சனம் வாங்கின கேம்னு ஆகிப்போச்சு. காரணம் ஆயிரம் சொன்னாங்க, பலதும் நியாயம். எனக்குத் தோணினது வேற ஒண்ணு. எத்தனை ஊர்ல எத்தனை ஆறு பேர் கூட்டம், "யாருடா வெளிய நிக்கிறது?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்கும்?

25.
என்னையே எடுத்துக்குங்க. எந்த ஜிடிஏ பெஸ்ட்னு கேட்டா இன்னிக்கும் வைஸ் சிட்டின்னு சண்டை போடுவேன். பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய், ஒரு கீபோர்டுக்கு மூணு பேர். ஒருத்தன் வண்டி ஓட்ட, ஒருத்தன் சுட, ஒருத்தன் "போலீஸ் போலீஸ்"னு கத்த. சான் ஆண்ட்ரியாஸ் வந்தப்ப அதுல மூணு நகரம், பத்து மடங்கு வேலை. ஒரு வாரத்துல மூடி வெச்சிட்டேன். "அந்த ஃபீல் இல்ல மச்சான்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்போ கத்துறவன் சென்னையில இன்ஜினியரிங் சேர்ந்துட்டான், சுடுறவன் திருப்பூர்ல வேலைக்குப் போயிட்டான். கீபோர்டு முழுசும் எனக்கே இருந்துச்சு.

26.
இதைப் படிச்சிட்டு, விளையாடுற எல்லாப் பசங்களுக்கும் பின்னாடி ஒரு சோகக்கதை இருக்குன்னு எடுத்துக்காதீங்க. நிஜமான அடிமைத்தனமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 பட்டியல்ல 'கேமிங் டிஸ்ஆர்டர்' இருக்கு. 2022 ஜனவரி 1-லருந்து நடைமுறையில இருக்கு. மூணு அடையாளம்: எப்ப ஆரம்பிக்கிறது, எப்ப நிறுத்துறதுங்கிற கட்டுப்பாடு போறது, சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாத்தையும்விட கேம் முன்னாடி வர்றது, கெடுதல் நடந்தும் விடாம தொடர்றது. பொதுவா இது பன்னிரண்டு மாசம் இருந்தாதான் அந்தப் பேரை வைப்போம். பத்து நாள் லீவுல விளையாடினவனுக்கு இல்ல.

27.
வீட்டுல செய்யக்கூடியது:

"எவ்ளோ நேரம் விளையாடுற?"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, "யாரோட விளையாடுற?"ன்னு கேளுங்க.

புதுசு சரியில்லன்னு புலம்பினா, "பழசுல என்ன பிடிச்சுது?"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. அஞ்சு நிமிஷமாவது.

போன் படுக்கையறைக்கு வெளிய தூங்கட்டும். பிள்ளையோடது மட்டும் இல்ல, உங்களோடதும்.

உங்க பேங்க் அக்கவுண்டு கேமோட இணைஞ்சிருந்தா இன்னிக்கே எடுத்துருங்க.

திடீர்னு பிடுங்காதீங்க. நேரத்தைப் பேசி வையுங்க, குறைங்க.

சாப்பிடல, பேசல, வாழவே பிடிக்கலங்கிறான்னா காத்திருக்காதீங்க. டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல 2014-லருந்து இதுக்குன்னே 'ஷட்' கிளினிக் நடக்குது.

28.
முடிக்கிறதுக்கு முன்னாடி முதல் பையன்கிட்ட திரும்ப வர்றேன்.

2022 மே மாசம். டோக்கன் வாங்காம ரெண்டு பேர் கதவுகிட்ட நின்னாங்க. ஒருத்தன் கண்ணாடி போட்டவன். இன்னொருத்தன் வெயில்ல கறுத்த, நல்லா உசரமான ஆள், கையில கல்ஃப் சாக்லேட் டப்பா. ரெண்டரை வருஷத்துக்கு அப்புறம் நாப்பது நாள் லீவு. "தம்பியைப் பார்த்துக்கிட்டீங்களாம் சார்"னான். முதல்ல நான் பண்ணின காரியத்தை அவன்கிட்ட சொன்னேன். "அம்மா சொன்னாங்க சார். பரவால்ல விடுங்க"ன்னான்.

29.
அண்ணன் ஊருக்கு வந்ததும் பழைய நம்பர் சிம்மைப் போட்டு பிஜிஎம்ஐ இறக்கியிருக்கான். ராத்திரி மொட்டை மாடியில ஒரே பாய்ல ரெண்டு பேர், ரெண்டு போன். மைக் தேவைப்படல.

(அடுத்த ரெண்டு மாசத்துல, ஜூலை 28-ல அந்த கேமையும் எடுத்துட்டாங்க. 2023 மே கடைசியில திரும்ப வந்தது. அது வேற கதை.)

கிளம்புறப்ப சின்னவன்கிட்ட கேட்டேன். "இப்ப சொல்லுடா. புது கேம் எப்படி?"

கண்ணாடியை மேல தள்ளிக்கிட்டு அண்ணனை ஒரு பார்வை பார்த்தான்.

"பரவால்ல சார். பழசு மாதிரியே தான் இருக்கு."